பங்கிராஸ் வைத்த சிவப்புப் புள்ளி

என் அக்கா புருஷன் பங்கிராஸ் யாரையும் நம்பமாட்டார். இதை நான் கோள் சொல்வதாக நினைக்கவேண்டாம். கூடலூரில் அவரைத் தெரிந்த யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். முடிவெட்டப் போனால் கண்ணை மூடமாட்டார். தையல்காரரிடம் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கி, தைத்த சட்டையோடு சேர்த்து அளப்பார். கோவில் வாசலில் கழற்றிவிடும் செருப்பின் உள்பக்கத்தில்கூட ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், எவனாவது மாற்றிப் போட்டுக்கொண்டு போனால் கண்டுபிடிப்பதற்கு. அந்தச் செருப்பை இலவசமாகக் கொடுத்தால்கூட ஒருத்தன் வாங்கமாட்டான்.

புள்ளி வைக்கிற பழக்கம் தொழிலில் வந்தது. போடியில் உள்ள ஒரு ஏலக்காய் வியாபாரிக்குக் கூடலூரில் கிடங்கு இருந்தது. அதை மச்சான்தான் பார்த்துக்கொண்டார். மலைத் தோட்டங்களிலிருந்து குமுளி இறக்கம் வழியாக ஜீப்பில் மூட்டைகள் வரும், இங்கிருந்து போடிக்குப் போகும். ஏலக்காய்க்கு நிறம்தான் விலை. வழியில் எவனாவது நல்ல பச்சைக் காயை எடுத்துக்கொண்டு, வெளுத்த காயைக் கொட்டி, வாயைத் தைத்துவிட்டால் போச்சு. அதனால் மச்சான் ஒவ்வொரு மூட்டையின் தையலையும் முதலில் இழுத்து இறுக்குவார். தளர்ச்சியாக ஒரு இழைகூட இருக்கக்கூடாது. பிறகு முடிச்சின் மேல் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பார், பாதி சணலிலும் பாதி சாக்கிலும் படும்படி. எவன் பிரித்தாலும் புள்ளி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த மூட்டையை மறுபடி பிரிக்கும்போது அனுப்பியவர் பக்கம் ஒருவரும் வாங்கியவர் பக்கம் ஒருவரும் நிற்கவேண்டும். அவர் இருந்தவரைக்கும் அந்தக் கிடங்கில் ஒரு மூட்டை மாறியதில்லை. வேலை என்று பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அவருக்கு ஒரே பொழுதுபோக்கு வீடியோ கேம். நான் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன், என் பெயர் சேவியர். என் வண்டியில் வந்த ஒரு மலையாளி, வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து மச்சான் வாங்கிய ஜப்பான் பெட்டி அது. அக்கா மகள் அனிதா மேரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்கென்று வாங்கினார். அவள் வளர்ந்து மறந்துவிட்டாள், இவர் பிடித்துக்கொண்டார். சாயந்திரக் காப்பி குடித்ததும் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். ஒரே ஒரு கேசட்தான். திரையில் மேலேயிருந்து பழங்கள் விழும், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று. ஒரே நிறத்துப் பழங்களை வரிசையாகச் சேர்த்தால் மறைந்துபோகும். தோற்றால், பெட்டி வேண்டுமென்றே பச்சையைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறது என்பார். மெஷினைச் சந்தேகப்படுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவரின் மகளுக்கு, கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற மாப்பிள்ளை அமைந்தான். அனிதா தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே கேமரா மாட்ட வந்தவன் கிறிஸ்டோபர். ஜெயமங்கலத்துக்காரன், தேனியில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். கேமராவோடு டிவி, ஆம்ப்ளிபயர் என்று எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். நல்ல பையன் என்று என் மனசுக்குப் பட்டது. மச்சான் ஜெயமங்கலத்துக்குப் போய் டீக்கடையில் விசாரித்தார், பக்கத்து வீட்டில் விசாரித்தார், அந்த ஊர்ப் பங்குச் சாமியாரிடம் விசாரித்தார். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவர் முகம் இருண்டிருந்தது. ஒரு குறைகூட இல்லையென்றால் எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

எப்படியோ நிச்சயம் முடிந்தது. கோவிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெண் பெயரைச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவேண்டும் என்று அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்று மச்சான் கழுத்தைத் திருப்பிக் கோவில் முழுக்கப் பார்த்தார், எவன் எழுந்திருக்கப்போகிறான் என்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் கேம் பெட்டி மக்கர் செய்தது. கரண்ட் வயர் செருகுகிற சாக்கெட் ஆட்டம் கண்டு, பெட்டியைத் தொட்டாலே படம் போய்விடும். கல்யாணப் புடவை விஷயமாக வந்திருந்த கிறிஸ்டோபர், கொடுங்கள் மாமா, மாற்றித் தருகிறேன் என்றான். மச்சானின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததாக அக்கா இருதயம்மாள் பிற்பாடு என்னிடம் சொன்னது. அவனைச் சோதிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கொடுக்கும் முன்பு கட்டிலில் துண்டை விரித்து, பெட்டியைத் திறந்து, உள்ளே தளர்ந்திருந்ததையெல்லாம் இறுக்கி, அனிதாவின் நெயில் பாலிஷை எடுத்து எல்லாவற்றின் மேலும் புள்ளி வைத்திருக்கிறார். மூட்டைக்குச் செய்கிற அதே முறைதான். பிறகு மூடி, பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அனிதாவுக்கு அப்பாவைத் தெரியும். புள்ளி வைத்திருப்பதைக் கிறிஸ்டோபரிடம் சொல்லி, சாக்கெட்டைத் தவிர வேறெதையும் தொடவேண்டாம் என்று எச்சரித்திருக்கிறாள். அவனும் அப்படியே செய்தான். பின்னால் வந்த வினைக்கெல்லாம் காரணம் அதுதான்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானம் அவன் பெட்டியைக் கொண்டுவந்தான். நானும் சாப்பிட வந்திருந்தேன். மாட்டினார்கள். பெட்டியை எப்படி ஆட்டினாலும் படம் அசையாமல் நின்றது. ஆனால் பழங்கள் எல்லாமே சாம்பல் நிறம். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோல விழுந்தன. மச்சான் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம், “கலரு எங்க?” என்று கேட்டார்.

பார்க்கலாம் மாமா என்று கிறிஸ்டோபர் உட்கார்ந்தான். முதலில் டிவியின் செட்டிங்கில் போய்க் கலர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. கேபிளில் பாட்டுச் சேனல் வைத்தால் பளபளவென்று வந்தது. டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்து மஞ்சள் பின் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று பார்த்தான். பக்கத்திலேயே பச்சை ஓட்டை ஒன்று உண்டாம், தவறி அதில் செருகினால் கறுப்பு வெள்ளையாகத்தான் வருமாம். சரியாகத்தான் செருகியிருந்தது. அதே வயரில் அக்கா வீட்டு டிவிடி பிளேயரை மாட்டினான், கலர் வந்தது. டிவி சரி, வயர் சரி. குறை பெட்டிக்குள்ளேதான்.

அத்தோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பான். வெள்ளந்தியாக, “கடையில போட்டுப் பாக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு மாமா. பழைய சாமான், முன்னாடியிருந்தே இப்படித்தானோன்னு விட்டுட்டேன்” என்றான்.

மச்சான் கோபப்படவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் கோபப்படாததைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அவன் போனதும் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்டோபர் கலர் வரவைக்கிற ஐசி சில்லைக் கழற்றிவிட்டானாம். பழைய ஜப்பான் சாமானுக்கு எர்ணாகுளத்தில் பெரிய கிராக்கியாம். கலர் இல்லை என்று தெரிந்தும் வாய் திறக்காமல் கொண்டுவந்து வைத்தானே, களவு செய்யாதவன் ஏன் மறைக்கவேண்டும் என்று கேட்டார். நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

“மூணாவது ஓலைக்கு முந்தி சாமிகிட்டச் சொல்லிருவேன் மாப்ளே. இம்புட்டுக்காணு சாமான்ல கை வைக்கிறவன், எம்பிள்ளய என்ன செய்வான்?”

அப்படியென்றால் இப்போதே பெட்டியைத் திறந்து புள்ளிகளைப் பாருங்கள் என்றேன். அதற்கும் கிடங்குச் சட்டம்தான். தனியாகத் திறந்தால் நாமே எடுத்தோம் என்று அவன் சொல்லுவானாம். சனிக்கிழமை அவனை வைத்துக்கொண்டு திறப்பது, குற்றம் உறுதியானால் அன்று சாயந்திரமே சாமியாரிடம் போவது என்று தீர்மானித்துவிட்டார். அனிதாவிடம் அவரே சொன்னார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அக்கா வீட்டுக்குள் கால் வைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மச்சான் மகளின் போன் அடித்தால் காதைத் தீட்டிக்கொண்டார். அவள் பஸ் ஏறிப் போகும்போது வாசலில் நின்று பார்த்தார். அக்கா அடுப்படியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே குழம்பைத் தீயவிட்டது. அனிதா ஒரு நாள் காலையில் என் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “நீங்களாச்சும் போயி ஒரு வார்த்த பேசுங்க மாமா. இது நின்னு போச்சுன்னா நான் யாரயும் கட்டமாட்டேன். கோவத்துல சொல்லல, யோசிச்சுத்தான் சொல்றேன்” என்றாள். தாய்மாமன் என்று இருந்துகொண்டு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா எப்படி இருப்பது? வண்டியை நிறுத்திவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன்.

கிறிஸ்டோபரின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. நான் படியேறியபோது அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் குனிந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். மேசையில் ஒரு கேம் பெட்டி. மச்சானுடையது போலவே, அதே வெள்ளை, அதே சிவப்பு. மூடி திறந்து, உள்ளே இருந்த சில்லுகள் கழற்றித் தனியாகக் கிடந்தன. மச்சானின் பெட்டி கூடலூரில் அலமாரியில் பூட்டியிருக்கிறது, அது எனக்குத் தெரியும். அப்படியென்றால் இது யாருடையது? காலடி கேட்டுத் திரும்பியவன் என்னைக் கண்டதும் அவசரமாகத் துண்டைத் தூக்கி அதன்மேல் போட்டான். பக்கத்தில் இருந்த சின்ன டிவியையும் அணைத்தான். “வாங்க சித்தப்பா” என்றான், முகம் வெளிறிப்போயிருந்தது.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும், வாய் வரவில்லை. சனிக்கிழமை வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மச்சானின் கண் வந்துவிட்டது. இந்தப் பயல் ஊர் ஊராகப் பழைய பெட்டிகளை வாங்கிக் கழற்றி விற்கிறானோ? ஆஸ்பத்திரியில் கேமரா மாட்டுகிறேன் என்று பிள்ளையை நோட்டம் விட்டானோ? அவன் அம்மா ஏன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை? கண்டக்டர் கொடுத்த சில்லறையைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சின்னமனூர் தாண்டும்வரை இந்த நினைப்புதான். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது, ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

அனிதா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாள். நன்றாகப் பேசினான் என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. மச்சானிடமும் நான் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை கிறிஸ்டோபர் ஒரு பெரிய பையோடு வந்தான். டிவிக்கு முன்னால் துண்டை விரித்து, மச்சானே ஸ்க்ரூடிரைவர் எடுத்து மூடியைக் கழற்றினார். அவனைத் தொடவிடவில்லை. அக்காவும் நானும் இரண்டு பக்கமும் நின்றோம். அனிதா அடுப்படி வாசலில் நின்றாள். மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். ஐசிகளின் மேல், ஸ்க்ரூக்களின் மேல், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. சாக்கெட் மட்டும் புதுசு, அதன்மேல் புள்ளி கிடையாது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டது. எனக்கும் உயிர் வந்தது. என் தேனி நினைப்புகளையெல்லாம் அந்த இடத்திலேயே துடைத்துப் போட்டேன்.

மச்சான் டார்ச்சை அணைத்தார். நிம்மதி அடைந்த முகமாக இல்லை.

“புள்ளியெல்லாம் அப்படியேதான் இருக்கு. அந்தப் பாட்டிலு அதுக்குப் பொறவு யாரு கையில இருந்துச்சு?” என்றார்.

யாருக்கும் உடனே புரியவில்லை. அவர் அடுப்படி வாசல் பக்கம் திரும்பினார்.

“ஒங் கைப்பையிலதான ஆத்தா தெனம் தேனிக்குப் போயிட்டு வந்துச்சு?”

நான் எத்தனையோ சண்டை பார்த்தவன். குமுளி ரோட்டில் ஜீப்புக்காரர்கள் பேசாத பேச்சா? ஆனால் அந்தக் கேள்வி விழுந்தபோது எனக்குக் காது கூசியது. ஐசியைத் திருடிவிட்டு, திரும்பப் புள்ளி வைக்க மகளே நெயில் பாலிஷ் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்கிறார் பெற்ற அப்பா. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. அனிதா அழவில்லை. அப்பாவின் முகத்தை, முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிறிஸ்டோபர் சொன்னான்: “என்னய என்ன வேணாலும் சொல்லுங்க மாமா. அவளச் சொல்லாதீக.”

பையைத் திறந்து, நான் கடையில் பார்த்த அந்தப் பெட்டியை எடுத்து வைத்தான். மதுரையில் பழைய சாமான் கடையில் தேடி வாங்கியதாம். கலர் எங்கே கெடும் என்று மச்சானின் பெட்டியைத் தொடாமல் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை, அதனால் இதைப் பிரித்துப் பார்த்தேன் என்றான். என் பக்கம் திரும்பி, அன்னைக்குத் துண்டைப் போட்டு மூடியது தப்புதான் சித்தப்பா, மேசையில் இப்படி ஒரு பெட்டி கழற்றிக் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்துவிட்டேன் என்றான். என்ன நினைப்பார்களோ அதைத்தான் நான் நினைத்தேன். சந்தேகப்படுகிற ஆளுக்கு முன்னால் நல்லவனும் திருடன் மாதிரிதான் நடந்துகொள்கிறான்.

இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். ஒரு ஐசியும் குறையவில்லை. பிறகு போர்டின் ஓரத்தில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் கோடு வெட்டிய ஒரு சின்ன வட்டத்தைக் குச்சியால் காட்டினான். அதன்மேலும் சிவப்புப் புள்ளி இருந்தது.

“இத எப்பவாச்சும் யாராச்சும் திருகுனாகளா மாமா?”

மச்சானுக்கு அது வேறு ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்திவிட்டது போல. “அந்த மலையாளத்தான் ஏமாத்தினது அது. மரை தேஞ்ச ஸ்க்ரூ. புள்ளி வைக்கிறதுக்கு முந்தி நான் எத்தன சுத்து சுத்துனேன், இறுகவே இல்ல. சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு. சரின்னு விட்டு, மேல பாலிஷ அப்பினேன்” என்றார். அத்தனை நாள் கழித்தும் விற்றவன்மேல் கோபம் தெரிந்தது.

கிறிஸ்டோபர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான். அது ஸ்க்ரூ இல்லையாம். ட்ரிம்மர் என்று பெயராம். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கத் திருகுகிறோமே, அதைப்போலக் கலரைப் பிடித்து வைப்பதற்காக உள்ளே வைத்த திருகு. அதற்கு இறுக்கமே கிடையாது, சுற்றினால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நூலளவு நகர்ந்தாலும் டிவிக்குக் கலர் தெரியாமல் போய்விடும், படம் மட்டும் வரும்.

அக்காவுக்கு மெஷினெல்லாம் ஒன்றும் தெரியாது, ஆனால் இது புரிந்துவிட்டது. “நீங்கதானா?” என்று மட்டும் கேட்டது.

மச்சான் டார்ச்சை மறுபடி எரியவிட்டு அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்தார். புள்ளி உடையவில்லை. பாதி திருகிலும் பாதி போர்டிலும் அவர் வைத்தபடியே காய்ந்து கிடந்தது. தனக்குப் பிறகு அதை ஒருவரும் திருகவில்லை என்பதற்கு அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் நம்பிய ஒரே சாட்சி அதுதானே.

கிறிஸ்டோபர் பெட்டியை டிவியில் மாட்டிப் போட்டான். இரும்பு பட்டால் கலர் தடுமாறும் என்று ஒரு மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவினான். சீவியதை மச்சானிடமே நீட்டி, நீங்களே திருகுங்கள் மாமா என்றான். அது மரியாதையா, இல்லை அடியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மச்சான் வாங்கிக்கொண்டார். குச்சியை வைத்து அழுத்தித் திருப்பியதும் காய்ந்த பாலிஷ் தெறித்து உடைந்தது. திரையில் முதலில் ஊதா ஊதாவாகப் பட்டை ஓடியது. இன்னும் கொஞ்சம் என்றான் அவன். பட்டை நின்றது. சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, பச்சையும் வந்தது.

மச்சான் குச்சியைக் கீழே வைத்தார். கிறிஸ்டோபரின் முழங்கையைத் தொட்டு, சாமியிடம் போகவில்லை, நாளைக்கு ஓலை வாசிக்கட்டும் என்றார். அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்று வரக்கூடியது அவ்வளவுதான் என்று எங்களுக்குத் தெரியும், அவனும் அதைப் பெரிய மனதோடு எடுத்துக்கொண்டான். பிறகு அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அனிதா எப்போதோ உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். ஒருவரும் தடை சொல்லவில்லை. கல்யாணம் வரைக்கும் அனிதா அப்பாவோடு பேசாமல் இல்லை. சாப்பிடுங்கப்பா, மாத்திரை போட்டீகளாப்பா என்று எல்லாம் கேட்டாள். மச்சான் அதிலேயே சமாதானம் ஆகிவிட்டார். பிள்ளை மறந்துவிட்டாள் மாப்ளே என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. மறந்தவள் முன்போல ஒருதரமாவது அவரைக் கிண்டல் செய்திருப்பாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விருந்து முடிந்து, சாயந்திரம் ஜெயமங்கலத்துக்குப் புறப்பட்டார்கள். என் ஜீப்பில்தான் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பூவெல்லாம் கட்டி வண்டி வாசலில் நின்றது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கிறிஸ்டோபர் அனிதாவின் துணிப் பெட்டியைத் தூக்க வந்தான். அவள் அவனை நிறுத்திவிட்டு, பெட்டியை வாசற்படியில் படுக்கவைத்து, எல்லார் முன்னாலும் ஜிப்பைத் திறந்து மூடியைத் தூக்கினாள். மடித்த புடவைகள் தெரிந்தன.

“பாத்துருங்கப்பா” என்றாள்.

எதற்கு ஆத்தா என்று மச்சான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. மணவாடை கட்டின பிள்ளை இப்படி நிற்கிறாளே என்று அக்கா ஓடி வந்தது. அனிதா அம்மாவைப் பார்க்கவில்லை.

“பாத்துட்டு அனுப்புங்க. நான் போனதுக்குப் பொறவு ஒங்க மனசுல ஒரு கேள்வி இருக்கக்கூடாது.”

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் யாராவது சமாதானம் செய்திருக்கலாம்.

மச்சான் குனிந்தார். மூடியைச் சாத்தத்தான் குனிந்தார் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் கிடங்கில் பழகிய கை. திறந்த பெட்டியைக் கண்டதும் அது தன்பாட்டுக்கு மேல் புடவையின் மடிப்புக்கு அடியில் போய்விட்டது. எல்லாரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். கையை உருவிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அனிதா புடவையைச் சரிசெய்து மூடியை இறக்கினாள்.

“எல்லாம் சரியா இருக்காப்பா?”

அவர் தலையை ஆட்டினார். கண்ணீர் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஜிப்பை இழுத்து மூடி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். நான் வண்டியை எடுத்தேன்.